குடத்துக்குள் நுழைந்த கை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூர் என்ற ஊரில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று 919ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. அதைத் திருத்தி விரிவாக்கிய மற்றொன்று 921இல் பொறிக்கப்பட்டது. குடவோலை என்றதும் எல்லோரும் இந்த ஊரைச் சொல்வார்கள். ஆனால் குடத்தைப் புகழ்கிறவர்கள் பலர், அதற்குள் நுழைந்த கை யாருடையது என்று பார்ப்பதில்லை. அது ஒரு சின்னப் பையனுடைய கை.

முறை இதுதான். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இந்நாளைய வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைத் துண்டுகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். பிறகு மகாசபை கூடியது. எப்படிக் கூடியது? பாலர் முதல் விருத்தர் வரை நிறையக் கூடவேண்டும் என்கிறது கல்வெட்டு. "பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கென்னடா வேலை?" என்று பிள்ளைகளை அங்கே யாரும் விரட்டவில்லை!

கூடியிருந்த நம்பிமாரில் வயதில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன் கைவிட்டு ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். விரல்களுக்கிடையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா? வாங்கியதை அவன் உரக்க வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பார்கள். அதன் பிறகுதான் பெயர் ஏற்கப்படும்.

இவ்வாறு முப்பது பேர் வந்தார்கள். பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவி 360 நாள்தான்.

இதைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் முழுவதும் சொல்லவேண்டும். அது திருவுளச் சீட்டே தவிர, இன்று நாம் போடும் ஓட்டு அல்ல. கால் வேலிக்கு அதிகமான இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயதும் உள்ள அந்தணர்களுக்கே ஓலை உண்டு. அவர்கள் வயலில் உழுதவனுக்கு இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் இல்லை.

அப்படியிருந்தும் அந்தச் சுவரில் நம் வீட்டுக் கூடத்துக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் பெயர் மட்டுமா? அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையே போடலாம் போல நீள்கிறது பட்டியல். ஊர்ப்பணம் உறவின் வழியாகத்தான் ஒழுகும் என்பதைப் பத்தாம் நூற்றாண்டுக்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். நாமோ, "அந்த ஆபீசில் நம் மாமா இருக்கிறார், கவலைப்படாதே" என்று குழந்தை காதில் விழும்படியே சொல்கிறோம். பிறகு, "அரசியலா? சேச்சே! பிள்ளைகளிடம் அதெல்லாம் பேசக்கூடாது" என்கிறோம். பேசத்தான் இல்லை. கற்றுக் கொடுத்தாகிவிட்டது!

வீடு வாய் திறக்காமல் எவ்வளவு கற்றுக் கொடுக்கும் என்பதற்குச் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலே சாட்சி. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் அது முடிந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் சொத்தோ படிப்போ பாராமல் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வோர் அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. எல்லாம் சரி. ஆனால் ஜாபிதா எழுத வீடுகளுக்குப் போனபோது, முக்கியமாக வடநாட்டு மாகாணங்கள் சிலவற்றில், பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத எவரையும் ஜாபிதாவில் சேர்க்க இயலாது என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது.

சட்டம் அவர்களுக்கு ஓட்டைக் கொடுத்தது. வீடு பெயரைக் கொடுக்கவில்லை. அந்த வாசல்களில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகள் அன்று என்ன பாடம் படித்திருக்கும்? எந்தப் பள்ளிக்கூட வாத்தியாராலும் அதை எளிதில் அழிக்க முடியாது.

இன்று அம்மாவின் பெயர் ஜாபிதாவில் இருக்கிறது. "எந்தச் சின்னத்தில் போடுவது?" என்பதை அவள் தானே முடிவு செய்கிறாளா, அல்லது வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பா சொல்லி அனுப்புகிறாரா? அதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "நீ யாருக்கம்மா போட்டாய்?" என்று மகள் கேட்கும்போது, மையிட்ட விரலைக் காட்டி, "அது ரகசியம்" என்று அவள் சிரித்தால் போதும். அது ஒரு முழுப் பாடம். அதைக் கேட்டு அப்பாவுக்குக் கோபம் வராவிட்டால் அது இரண்டாவது பாடம்.

உத்தரமேரூர்ப் பையனுக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததுதான் தகுதி. அவன் எடுத்துக் கொடுத்தது பிறருடைய ஓலை. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. இருபத்தொன்றாக இருந்த வாக்கு வயது 1989 முதல் பதினெட்டாகிவிட்டது. பள்ளிச் சீருடையைக் களைந்த கையோடு அவர்கள் சாவடிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நாம் சின்னத்தைச் சொல்லித் தரவேண்டாம். கணக்குக் கேட்கச் சொல்லித் தருவோம்; மாமாவே ஆனாலும் கேட்கச் சொல்லித் தருவோம். ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறவனிடம் மட்டுமே ஓலையைக் கொடுக்கவேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிய வழக்கம்.