அமைதியைப் பாடமாகப் படித்தல்: ஜவ்வாது மலை முன்வைக்கும் கேள்வி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் உயிர்விட்ட வீரர்களுக்குப் பல்லவர் காலம் தொட்டு எடுக்கப்பட்ட கற்கள் அங்கே கிடைத்துள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. விழுந்தவன் யார், எந்த அரசன் காலம் என்பதை இக்கற்கள் சொல்கின்றன. சண்டை எப்படித் தீர்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. அமைதி மற்றும் முரண்பாட்டுக் கல்வி என்னும் துறைக்கு அந்த இரண்டாவது கேள்வியே பாடம்.

இதே மலைப்பகுதி 2015-இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்ட 20 பேரைக் காவல் படையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் தருமபுரி மாவட்டத்தையும் சேர்ந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல் துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரித்தது.

துப்பாக்கிச் சூட்டோடு நிற்காமல் அதற்கு முன்னால் நடந்தவற்றையும் கேட்பவர் அமைதியியல் மாணவர். மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, வரகு பயிரிட்டும் காட்டில் தேன், கடுக்காய், புளி சேகரித்தும் வாழ்பவர்கள். அந்த வருவாய் போதாதபோது கூலி தேடி மலை இறங்குகிறார்கள். முன்பணத்தோடு தரகர் வருகிறார். வெளிநாட்டுக்குக் கடத்தப்படும் மரத்தின் லாபம் யாருக்கோ போக, கோடரி பிடித்தவர்தான் காட்டில் சிக்குகிறார். நார்வே அறிஞர் யோகான் கால்துங் 1969-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் கையால் அடிக்காமலே சமூக அமைப்பு மனிதரை வதைப்பதைக் 'கட்டமைப்பு வன்முறை' என்றார். இந்தச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழகத்தில் கிடைப்பது அரிது.

மேலைநாட்டில் இத்துறை இரண்டாம் உலகப் போரின் சாம்பலிலிருந்து எழுந்தது. அமெரிக்காவின் மான்செஸ்டர் கல்லூரி 1948-இல் இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது. கால்துங் 1959-இல் ஓஸ்லோவில் ஆய்வு நிறுவனம் அமைத்தார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1973-இல் தனித்துறை வந்தது.

தமிழகத்தில் இதன் வேர் கிராமத்தில் இருக்கிறது. மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1976-இல் அங்குள்ள கிராமிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்களைக் கொண்டு 'சாந்தி சேனை' இயங்கியது. காந்தியச் சிந்தனையும் அமைதி அறிவியலும் ஒரே துறையில் கற்பிக்கப்பட்டன.

சௌந்தரத்தின் ஆதரவில் படித்து வளர்ந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குச் சென்று தங்கினார்கள். 1981-இல் 'லாஃப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலம் எழுதிக் கொடுக்கச் செய்தார்கள். விலை பேசுவது, பத்திரம் பார்ப்பது, இரு தரப்பும் முகம் பார்க்க வைப்பது என இன்று வகுப்பில் சொல்லித்தரும் திறன்கள் எல்லாம் அதில் இருந்தன. 2008-இல் இருவருக்கும் 'வாழ்வுரிமை விருது' கிடைத்தது.

இன்று டெல்லி ஜாமியா மில்லியாவின் நெல்சன் மண்டேலா மையத்தில் இப்பாடத்தை முதுகலையில் படிக்கலாம். ஐ.நா. அவை 1980-இல் கோஸ்டாரிகாவில் அமைதிப் பல்கலைக்கழகம் ஒன்றையே ஏற்படுத்தியது. ஆனால் 'அமைதியியலாளர் தேவை' என்று நாளிதழில் விளம்பரம் வராது. பெற்றோர் தயங்குவதில் தவறில்லை. சட்டம், சமூகப்பணி, இதழியல் ஆகியவற்றில் ஒன்றோடு சேர்த்துப் படித்தவருக்கே இப்படிப்பு சோறு போடும். சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் சமரச மையத்தைத் தொடங்கியது. 2023-இல் மத்திய அரசு சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. எனவே பயிற்சி பெற்ற சமரசர்களுக்கு வேலை கூடும். தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், ஆய்வு, ஆசிரியப்பணி ஆகியவையும் உண்டு.

ஜவ்வாது மலைக்கும் இத்தகையவர் தேவை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டில் யாருக்கு என்ன உரிமை என்ற கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. ஊர்ப் பெரியவரின் சொல்லையும் வனத்துறையின் வரைபடத்தையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேசத் தெரிந்த, மலையிலேயே பிறந்த ஒரு பட்டதாரிக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.