ஒரு சொல்லுக்கு இரண்டு வயது

விருத்தாசலத்தில் முப்பத்தாறு வருஷம் மோல்டு போட்டவன் நான். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஊதுபத்தி ஸ்டாண்டு, எது வந்தாலும் முதலில் பிளாஸ்டரில் அச்சு எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஐப்பசி தாண்டினால் கிறிஸ்துமஸ் குடில் ஆர்டர் வரும். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், இரண்டு ஆடு, ஒரு மாடு.

1998-இல் வந்த ஆர்டரில் கூடுதலாக ஒரு பீங்கான் பலகை கேட்டிருந்தார்கள். ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன, ஒரு பெண் பிள்ளை பெறுவாள் என்ற வசனத்தை எழுதிக் குடிலுக்கு முன்னால் வைக்கவேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கிளேஸ் அடிக்கிற அண்ணன் கோணான்குப்பத்துக் கத்தோலிக்கர். சூளை பார்க்கிற தம்பி ஏ.எல்.சி. என்கிற ஆற்காடு லுத்தரன் சபை. ஆளுக்கொரு வேதாகமம் கொண்டுவந்தார்கள். தம்பியுடைய பழைய திருப்புதலில் 'கன்னிகை' என்று இருந்தது. அண்ணனுடைய திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'இளம்பெண்'.

"என்னண்ணே, உங்க புஸ்தகத்துல கன்னியையே எடுத்துட்டாங்க?"

"எங்கடா எடுத்தாங்க? மத்தேயுவைப் பாரு. அதே வாக்கு அங்க வருதில்ல, அங்க கன்னின்னுதான் போட்டிருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே வாக்கு, ஏசாயாவில் இளம்பெண், மத்தேயுவில் கன்னி. அது எப்படி என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேதாகமம் தெரியாது. நான் சிவன் கோயில் சந்நிதியில் வளர்ந்தவன். ஆனால் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பெண்ணின் வயதைப் பற்றி வம்பு வளர்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை.

எங்கள் கோயிலின் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் குரு நமசிவாயர் என்ற துறவி இங்கே தங்கினார். பசி. சோறு கேட்டு அம்மன்மேல் ஒரு வெண்பா பாடினார். அதில் அவளைக் கிழத்தி என்று சொல்லிவிட்டார். அம்மன் கிழவியாகவே வந்து நின்றாளாம். "தள்ளாத கிழவி உனக்கு எப்படியப்பா சோறு சுமந்து வருவேன்? என்னை இளையவளாகப் பாடு" என்றாளாம். அவர் மாற்றிப் பாடினார். அவள் குமரியாகச் சோறு கொண்டுவந்தாள். இளையநாயகிக்கும் கோயிலில் சந்நிதி இருக்கிறது. தமிழில் 'பெரிய' என்றால் மேன்மையும் உண்டு, மூப்பும் உண்டு. முதுகுன்றம் என்ற பெயரை வடமொழியில் விருத்தாசலம் ஆக்கியவர்கள் மூப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மனும் விருத்தாம்பிகை ஆனாள்.

அண்ணனின் ஊரில் இருப்பதும் பெரியநாயகிதான். வீரமாமுனிவர் என்கிற பெஸ்கி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மங்கலம்பேட்டைப் பக்கம் கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயர் உதவினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. பெஸ்கி மாதாவுக்குப் புடவை கட்டி, பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். எங்கள் அம்மனின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். சாமியார் இத்தாலிக்காரர், ஆனால் தமிழில் ஒரு சொல் எத்தனை பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர், சதுரகராதி தொகுத்தவர்.

அதற்குப் பிறகு நான் படித்தவை, பாதிரியார்களிடமும் வாத்தியார்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இனி வருவது.

ஏசாயா எழுதிய எபிரேயச் சொல் 'அல்மா'. கல்யாண வயதில் இருக்கும் இளம்பெண் என்று பொருள். கன்னி என்று அடித்துச் சொல்ல 'பெத்துலா' என்று தனிச்சொல் உண்டு. ஏசாயா அதைப் போடவில்லை. இந்த வசனம் இயேசுவைக் குறிக்கவில்லை என்னும் யூதர்களின் முதல் வாதம் இது. இரண்டாவது வாதம் கதையிலேயே இருக்கிறது. கி.மு. 735 வாக்கில் சிரியா ராஜாவும் இஸ்ரவேல் ராஜாவும் சேர்ந்து எருசலேம்மேல் படையெடுத்தார்கள். ஆகாஸ் ராஜா நடுங்கினான். அவனுக்குத்தான் ஏசாயா அடையாளம் சொல்கிறார்: பிள்ளை பிறக்கும், அதற்கு நல்லது கெட்டது தெரியுமுன் இந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும். கி.மு. 732-இல் அசீரியா தமஸ்குவைப் பிடித்தது. எழுநூறு வருஷம் கழித்துப் பிறக்கும் குழந்தையால் ஆகாஸுக்கு என்ன ஆறுதல் என்று யூதர்கள் கேட்கிறார்கள். பிள்ளை ஆகாஸின் மகன் எசேக்கியா என்றார்கள் சிலர். ஏசாயாவின் சொந்த மகன் என்றார்கள் வேறு சிலர்.

கிறிஸ்தவர்களிடமும் பதில் உண்டு. ஆதியாகமத்தில் ரெபேக்காளை ஒரே அதிகாரத்தில் பெத்துலா என்றும் அல்மா என்றும் சொல்லியிருக்கிறது. இயேசு பிறப்பதற்கு முன்பே, எபிரேயத்தைக் கிரேக்கமாக்கிய யூதர்களே இந்த இடத்தில் 'பார்த்தெனோஸ்' என்று எழுதினார்கள். கன்னி என்று பொருள்படும் சொல் அது. மத்தேயு எடுத்து எழுதியது அந்தக் கிரேக்கத்தை. திருவிவிலியம் ஏசாயாவை எபிரேயத்திலிருந்தும் மத்தேயுவைக் கிரேக்கத்திலிருந்தும் பெயர்த்தது. ஆகவே அண்ணனின் புத்தகத்தில் இரண்டு சொல். பழைய திருப்புதல்காரர்கள் இரண்டையும் ஒரே சொல்லாக்கி இணைத்துவிட்டார்கள். நாங்கள் அச்சைப் பிரித்ததும் பொம்மையின் விலாவில் ஒரு கோடு தெரியும். ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து அதை மறைப்போம். தம்பியின் வேதாகமத்தில் அந்தக் கோடு தேய்க்கப்பட்டிருந்தது; அண்ணனுடையதில் விட்டுவைத்திருந்தார்கள்.

சண்டை சீக்கிரமே மூண்டது. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், திரைபோ என்கிற யூதரோடு வாதாடியதாக ஒரு நூல் எழுதினார். அது இளம்பெண், அந்தப் பிள்ளை எசேக்கியா என்கிறார் திரைபோ. நீங்கள்தான் வேதத்தைத் திருத்துகிறீர்கள் என்கிறார் ஜஸ்டின். 1947-இல் சாக்கடல் குகைகளில் ஏசாயாவின் முழுச் சுருள் கிடைத்தது. இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தையது. அதிலும் அல்மாதான். எபிரேயத்தை யாரும் திருத்தவில்லை. கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்' கிறிஸ்தவர் நுழைத்ததும் இல்லை. ஒருவரையொருவர் கள்ளர் என்றது இரண்டு பக்கமும் பொய்.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. எபிரேயத்தில் 'அவன்', 'அவர்' என்று பிரிவு இல்லை. தமிழில் எழுதினால் மரியாதை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிய பாதிரியார் சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கினார். 1714-15-இல் புதிய ஏற்பாடு அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்து 1719-இல் இறந்தார். ஷூல்ட்சே 1728-க்குள் மிச்சத்தை முடித்தார். பிறகு பப்ரீசியஸ் திருத்தினார். ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் கொண்டுவந்ததுதான் தம்பி கையில் இருந்த பழைய திருப்புதல். அதன் ஏசாயாவைத் திறந்து பாருங்கள். 9-ஆம் அதிகாரத்தில் பாலகன் 'பிறந்தார்'. நம் வீட்டில் எந்தப் பாலகனும் 'பிறந்தார்' இல்லை. 53-ஆம் அதிகாரத்தில் அடிபட்டுப் பாடுபடும் தாசனும் 'அவர்'. ஆனால் 42-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இஸ்ரவேல் ஜனத்தைத் தாசன் என்று சொல்லும்போது அந்தத் தாசன் 'குருடன்', 'செவிடன்'. எபிரேயத்தில் எல்லா இடத்திலும் தாசன் என்பது ஒரே சொல். இயேசுவென்று நினைத்த இடத்தில் 'ஆர்' விகுதி, யூதரென்று நினைத்த இடத்தில் 'அன்' விகுதி. விளக்கவுரை எழுதவேண்டிய தேவையே இல்லை. விகுதியே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

'மேசியா'வும் அப்படியே. எண்ணெய் ஊற்றி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்றுதான் பொருள். இஸ்ரவேலின் ராஜாக்களுக்கும் ஆசாரியர்களுக்கும் அந்தப் பட்டம் உண்டு. யூதர்களைப் பாபிலோனிலிருந்து விடுவித்த பாரசீக ராஜா கோரேசுக்கும் ஏசாயா அதே சொல்லைக் கொடுத்தார். பழைய திருப்புதலில் கோரேஸ் 'அபிஷேகம்பண்ணின'வன். தானியேலின் 9-ஆம் அதிகாரத்தில் அதே சொல் 'மேசியா'. தமிழ் வாசகனுக்கு இரண்டும் ஒன்றென்று தெரிய வழியில்லை.

மேசியா வந்தால் என்ன நடக்கும் என்பதில்தான் பிரிவு ஆழம். சிதறிய ஜனம் திரும்பக் கூடவேண்டும், ஆலயம் எழவேண்டும், பட்டயம் கொழுவாகவேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் இதைச் சட்டமாகவே எழுதினார். இன்னும் நடக்கவில்லை, ஆகவே வரவில்லை என்கிறார் யூதர். பாடுபட ஒரு முறை வந்தார், ஆள மறுமுறை வருவார் என்கிறார் கிறிஸ்தவர். 53-ஆம் அதிகாரத்தின் தாசன் யார்? யூதரின் தால்முதில் அந்த அதிகாரத்தை மேசியாவுக்குச் சொன்னவர்களும் உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, அந்தத் தாசன் யூத ஜனமே என்றார். 1096-இல் சிலுவைப் போர்க் கும்பல் ரைன் நதிக்கரை யூதர்களை வெட்டிக் குவித்தது. அப்போது உயிரோடிருந்தவர் அவர். அடிபட்டவனுக்கு அந்த அதிகாரத்தில் தன் முகம் தெரிந்ததில் வியப்பென்ன?

1263-இல் பார்சலோனாவில் அரகான் ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் வாதம் நடந்தது. ஒரு பக்கம் யூத அறிஞர் நாக்மனிடஸ். எதிர்ப்பக்கம் யூதராகப் பிறந்து துறவியான பாப்லோ கிறிஸ்தியானி. நாக்மனிடஸ் நன்றாகவே வாதாடினார். ராஜாவே பரிசு கொடுத்ததாக அவர் எழுதிவைத்திருக்கிறார். பிறகு அந்த வாதத்தை எழுதியதற்காகவே குற்றம் சுமத்தப்பட்டு, நாட்டைவிட்டுப் போய், 1267-இல் எருசலேம் சேர்ந்தார்.

நம் பக்கத்திலும் இந்தப் பேச்சு நடந்தது. 1806-இல் கிளாடியஸ் புகேனன் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் கொச்சி யூதர்களைப் பார்க்கப் போனார். ஜெப ஆலயச் சுருள்களையும் ஏடுகளையும் திரட்டினார். புதிய ஏற்பாட்டை எபிரேயத்தில் பெயர்த்த கையெழுத்துப் பிரதியும் அதில் ஒன்று. இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது. மறுப்பதற்காகவே ஒரு யூத அறிஞர் அதைப் பெயர்த்தார், பெயர்த்து முடித்ததும் மனம் மாறினார் என்று புகேனன் எழுதினார். கதையைச் சொன்னவர் பாதிரியார் என்பதை மறக்கவேண்டாம். ஆனால் எதிராளியின் நூலை மறுக்க, முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை தன் மொழியில் பெயர்த்த அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

2001-இல் வத்திக்கானின் விவிலிய ஆணையம், பழைய ஏற்பாட்டை யூதர் வாசிக்கும் முறையும் சாத்தியமான வாசிப்பே என்று எழுதியது. பார்சலோனாவிலிருந்து அங்கே வர 738 வருஷம்.

எங்கள் பலகை என்ன ஆயிற்று? வசனமே வேண்டாம், எண்ணை மட்டும் போடுவோம் என்றேன். அதிலும் தம்பி 'ஏசாயா' என்றான், அண்ணன் 'எசாயா' என்றார். கடைசியில் ஆர்டர் கொடுத்தவர் எந்தச் சபை என்று விசாரித்தோம். கடலூர் சி.எஸ்.ஐ.காரர். அவருக்கும் பழைய திருப்புதல்தான். ஆகவே வசனத்தையே, 'ஏ'யும் 'கன்னிகை'யுமாக எழுதிச் சூளையில் வைத்தோம்.

பொம்மை வேலையில் ஆர்டர் கொடுத்தவர் சொல்வது சட்டம். வேதத்துக்கு அது ஆகாது. எங்கள் அம்மன் தானே வந்து தன் வயதைத் திருத்திக்கொண்டாள். ஏசாயாவின் பெண் அப்படி வரவில்லை. ஆகவே வாசகருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் தமிழ் வேதாகமம் இருந்தால் ஏசாயாவின் 7, 42, 53-ஆம் அதிகாரங்களை எடுத்து, 'அவன்' எங்கே, 'அவர்' எங்கே என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடுகள் ஏசாயா போட்டவை அல்ல.