ஆறு மடங்கு பலம் எதுக்கு?

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இன்ஜினியர்கள் அதை சேஃப்டி ஃபேக்டர் என்பார்கள். வர வேண்டிய சுமையைப் போல எத்தனை மடங்கு வந்தாலும் ஒரு பொருள் தாங்கும் என்பதுதான் அந்த எண்.

நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், பாலத்தைத் தாங்கும் நான்கு கேபிள்களையும் தேவையைவிட ஆறு மடங்கு பலமாகத் திட்டமிட்டிருந்தார். 1878-ல் ஒரு மோசடி வெளியே வந்தது. கம்பி சப்ளை செய்த லாயிட் ஹெய், சோதனையில் பாஸான நல்ல சுருள்களை வழியிலேயே மாற்றிவிட்டு, மட்டமான கம்பியைப் பாலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் அது கேபிளோடு கேபிளாகச் சேர்ந்துவிட்டது. பிரிச்சு எடுக்க முடியாது.

ரோப்ளிங் கணக்குப் போட்டார். ஆறு போனாலும் ஐந்து மடங்காவது தேறும். அதோடு விடவில்லை, ஒவ்வொரு கேபிளிலும் கூடுதலாக 150 நல்ல கம்பிகளைச் சேர்க்க வைத்தார். 1883-ல் திறந்த பாலம் இன்னைக்கும் நிக்குது, அந்த மட்டக் கம்பியோடயே.

கவனிங்க: ஆறு என்று முடிவு செய்தபோது இந்தத் திருட்டு அவருக்குத் தெரியாது. தெரியாததுக்காக வைப்பதுதான் மார்ஜின். துறைக்குத் துறை அளவு மாறும். பயணிகள் விமானத்தின் உடலுக்குப் பொதுவாக 1.5 தான், எடை கூடினால் பறக்கிறதே கஷ்டம். உணவில் சேர்க்கும் ரசாயனங்களுக்கோ வழக்கமாக 100. விலங்குகளைப் பாதிக்காத அளவை நூறால் வகுத்துத்தான் நமக்கு அனுமதிப்பார்கள்.

இப்போ 1986 ஜனவரி 28-க்கு வருவோம். சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் வாயு கசியாமல் அடைக்க வேண்டிய ரப்பர் வளையம் வேலை செய்யவில்லை. முந்தைய பயணம் ஒன்றிலேயே அந்த மாதிரி வளையத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு அரித்துப்போயிருந்தது. முழு ஆரமும் போனால்தானே ஆபத்து, அப்படின்னா சேஃப்டி ஃபேக்டர் மூன்று என்று நாசாவில் கணக்குச் சொன்னார்கள்.

விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இதை ஏற்கவே இல்லை. அவர் காட்டிய உதாரணமும் பாலம்தான். உத்தரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு விரிசல் விழுந்தால், பாலம் இடியாவிட்டாலும் அங்கே மார்ஜின் கிடையாது. விரிசலே விழுந்திருக்கக் கூடாது. வளையமும் அரிக்கவே கூடாது.

அதனால, "இன்னும் மார்ஜின் இருக்கு"ன்னு யாராவது சொன்னா ஒரு கேள்வி கேளுங்க: அது முன்கூட்டியே வச்ச மிச்சமா, இல்ல உடைஞ்சது போக மீதியா?