பொக்கெட்டும் கொந்தளிப்பும்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிட்டிக்கு விடுமுறையில் வருகிறவர், வழியில் விமானம் உலுக்கியிருந்தால், 'எயார் பொக்கெட்டில் விழுந்தோம்' என்பார். அதே உலுக்கலை விமானி 'டர்புலன்ஸ்' என்று அறிவித்திருப்பார். தமிழ்ச் செய்தியில் அது காற்றுக் கொந்தளிப்பு. முதற் சொல் சட்டைப்பையிலிருந்து வந்தது. கொந்தளிப்பு கடலிலிருந்து.

பொக்கெட் என்றதும் உள்ளே ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 1910களின் தொடக்கத்தில் விமானிகளே 'காற்றில் ஓட்டை' என்றுதான் பேசினார்கள். மரச்சட்டத்தில் துணி போர்த்திய பொறியில் உட்கார்ந்து பறந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓட்டை ஏதுமில்லை. காற்று கீழ்நோக்கி இறங்கும்போது அது இறக்கையில் மோதும் கோணம் குறைகிறது, தூக்கும் விசையும் குறைகிறது.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மார் வானில் 4.6 வினாடிகளுக்குள் 178 அடி இறங்கியது. ஒரு பயணி இறந்தார். இருக்கைப்பட்டி அணியாதவர்கள் கூரையில் மோதினார்கள். அந்த மோதலே 'வெற்றிடம்' என்ற கதையைப் பொய்யாக்குகிறது. உண்மையிலேயே வெற்றிடமாக இருந்தால் விமானமும் ஆளும் ஒரே வேகத்தில் விழுவார்கள். ஆள் மிதப்பாரே தவிர மோதமாட்டார். தானாக விழுவதைவிட வேகமாக விமானம் கீழே போக வேண்டுமென்றால், அதைத் தள்ளுவதற்குக் காற்று அங்கே இருந்தாக வேண்டும்.

கற்பிட்டிக் கரையில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. அலையின் முதுகிலிருந்து படகு தொப்பென்று இறங்கும்போது கடலில் ஓட்டை விழுந்ததாக எந்த மீனவரும் சொல்வதில்லை. காற்றுக்கும் அப்படித்தான்: சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று அது வரும் திசைக்கொரு பெயர். பொக்கெட் வயிற்றில் உணர்ந்ததைச் சொல்கிறது. இந்தப் பெயர்கள் வருவது எது என்பதைச் சொல்கின்றன. கொந்தளிப்பு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சொல்.

ஒன்றை மட்டும் பொக்கெட் மறைத்துவிடுகிறது. காற்று அடங்கிய ஏப்ரல் நண்பகலில் புத்தளத்துக்கு அருகிலுள்ள பாலாவி ஓடுபாதையை நோக்கித் தாழ்வாக வரும் சிறு விமானத்தை எண்ணிப் பாருங்கள். களப்பின் குளிர்ந்த நீருக்கு மேல் காற்று மெல்லக் கீழிறங்கும். கரையைத் தாண்டியதும் காய்ந்த மணலிலிருந்து எழும் வெப்பக்காற்று அதே விமானத்தை மேலே தூக்கும். தூக்கியதை யாரும் ஊருக்கு வந்து சொல்வதில்லை.