காலங்கடந்து கேட்ட உரிமை

இருவர் சேர்ந்து வெட்டிய பாலை எடைபோட்டு, ஒருவர் பெயரில் மட்டும் பதிந்துவிட்டால் நாம் சும்மா இருப்போமா? அன்றைக்கே கிராணியாரிடம் கேட்போம். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டால் கிடைக்குமா? பாட்டு இயற்றியவர்கள் சிலர் அப்படிக் கேட்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதல் வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. 1967ஆம் ஆண்டில் புரோகோல் ஹாரம் என்னும் இசைக்குழு 'எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற பாட்டை வெளியிட்டது. இசை கேரி புரூக்கர், சொற்கள் கீத் ரீட் என்று பதிவாயிற்று. தொடக்கத்தில் ஒலிக்கும் ஆர்கன் இசையை அமைத்த மேத்யூ ஃபிஷரின் பெயர் அதில் இல்லை. பாட்டோ உலகெங்கும் விற்றது.

2005இல்தான் ஃபிஷர் வழக்குத் தொடுத்தார். 2006இல் உயர் நீதிமன்றம், இசையில் நூற்றுக்கு 40 பங்கு அவருடையது என்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் கூட்டாசிரியரே; ஆனால் இத்தனை காலம் தாமதித்தவருக்குப் பங்கில்லை என்றது. 2009இல் பிரபுக்கள் சபை அதை மாற்றி, பங்கை மீட்டுக் கொடுத்தது. இவ்வுரிமையைக் கேட்கச் சட்டம் கால எல்லை வகுக்கவில்லை; அவருடைய தாமதத்தால் எதிர்த்தரப்புக்கு இலாபமே அன்றி நட்டமில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆயினும், வழக்குக்கு முந்திய 38 ஆண்டுகளின் வருமானம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 1956இல் வெளிவந்த 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற பாட்டைப் பாடியவர்கள் நியூயார்க் நகரத்துச் சிறுவர்கள். அவர்களுள் ஜிம்மி மெர்ச்சண்ட், ஹெர்மன் சாண்டியாகோ இருவரும் 1987இல் வழக்குத் தொடுத்தனர். பாட்டை ஆக்கியவர்களில் அவர்களும் உண்டு என்று 1992இல் ஜூரிகள் ஏற்றனர். ஆனால் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்நாட்டுச் சட்டம் தரும் காலம் மூன்றே ஆண்டுகள். தங்கள் பங்கை அறிந்திருந்தும், வளர்ந்து ஆளான பிறகும், அவர்கள் உரிய காலத்தில் வழக்காடவில்லை என்பதே காரணம்.

இரண்டு வழக்குகளிலும் உழைப்பு உண்மை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு நாட்டில் பங்கு கிடைத்தது. மற்றதில் கை வெறுமையாயிற்று.

கால எல்லைக்கும் நியாயம் உண்டு. நாளாக நாளாகச் சாட்சிகள் மறைவர், தாள்கள் தொலையும், நினைவு மங்கும். ஆனால் இளையோரும் எளியோரும் கேட்கத் துணியாமலே காலம் கடந்துவிடுவதும் உண்டு. ஆகவே, கூடிச் செய்யும் வேலை எதுவாயினும், தொடங்கும் நாளிலேயே யார் யாருக்கு எவ்வளவு என்று தேதியுடன் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம். அந்த ஒரு தாள் பிற்காலத்தில் நமக்காகப் பேசும்.