பச்சிளங்குழந்தையின் தோலில் லுக்கேமியா: காத்திருப்பதற்கு மரபணு தரும் நியாயம்

பிறந்து நான்கு வாரத்துக்குள் கண்டறியப்படும் லுக்கேமியாவைப் பிறவி லுக்கேமியா என்பது வழக்கம். குழந்தைப்பருவ லுக்கேமியாக்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவைக்கூட அது எட்டுவதில்லை. அதனால் இதைப் பற்றிய அறிவு பெரும்பாலும் தனித்தனி நோயாளர் அறிக்கைகளாகச் சிதறிக் கிடக்கிறது. அவையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மருந்தே தராத குழந்தையின் கட்டிகள் தாமாகக் கரைந்ததாக ஓர் அறிக்கை சொல்லும். அதே தோற்றத்துடன் பிறந்த வேறொரு குழந்தை சில வாரங்களில் இறந்ததாக அடுத்த அறிக்கை சொல்லும். இந்த முரண்பாட்டின் பெரும்பகுதி மரபணு மாற்றத்தைப் பார்த்தால் தெளிந்துவிடுகிறது. ஆகவே, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, அந்த முடிவு கைக்கு வருமுன் கீமோதெரபி தொடங்கலாகாது என்பதே என் வாதம்.

பிறவி லுக்கேமியாவில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத் தோல் பாதிக்கப்படுவதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. வயது கூடிய பிள்ளைகளிடம் இந்த அளவு மிகக் குறைவு. தோலுக்குள் கெட்டியான முடிச்சுகள் தோன்றும். நிறம் நீலம் அல்லது நீலங்கலந்த சிவப்பு என்று எழுதியிருக்கும். இந்த வருணனை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. மாநிறக் குழந்தையிடம் அதே முடிச்சு சாம்பல் நிறமாகவோ வெறும் கருமையாகவோ தெரியும். முதுகிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே காணும் நீலத்திட்டு என்று எண்ணி விட்டுவிட வாய்ப்புண்டு. நீலத்திட்டு தட்டையானது, லுக்கேமியா முடிச்சு விரலுக்குத் தட்டுப்படும். நம் மருத்துவமனைகளில் கண்ணைவிட விரலை நம்புவது நல்லது.

இதே தோற்றத்தை வேறு நோய்களும் தரும். கருவில் ருபெல்லாவோ சைட்டோமெகலோ வைரஸோ தொற்றினால், கருப்பருவத்தோடு நின்றிருக்க வேண்டிய இரத்த உற்பத்தி தோலில் தொடர்ந்து நடக்கும். நியூரோபிளாஸ்டோமாவும் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸும் இவ்வாறே தோலில் வெளிப்படக்கூடும். இவற்றைப் பிரித்தறிய பயாப்சி வேண்டும். லுக்கேமியாவானால் மேல்தோலை ஒட்டி ஒரு வெற்றுப் பட்டை விட்டு, அதற்குக் கீழே முதிராச் செல்கள் அடர்ந்திருக்கும். அவை பெரும்பாலும் மோனோசைட் வழி வந்தவை. லைசோசைம், சிடி68 போன்ற சாயச் சோதனைகள் அதை உறுதிசெய்யும். செல்லின் குலத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பயாப்சி, நோய் எப்படிப் போகும் என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்லக்கூடியவற்றில் முதன்மையானது 11ஆம் குரோமோசோமில் உள்ள கேஎம்டி2ஏ மரபணு. ஒரு வயதுக்குட்பட்டோரின் லிம்ஃபாய்டு லுக்கேமியாவில் 70 முதல் 80 விழுக்காடு வரையிலும், மைலாய்டு வகையில் ஏறத்தாழப் பாதியிலும் இது உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உடைவு கருவிலேயே நடக்கிறது. 1993இல் மெல் கிரீவ்ஸ் குழுவினர், லுக்கேமியா வந்த ஒரே கரு இரட்டைக் குழந்தைகளின் புற்றுச் செல்களில் மிகச் சரியாக ஒரே இடத்தில் இந்த உடைவைக் கண்டு, ஒரு குழந்தையின் செல் நஞ்சுக்கொடி வழியே மற்றதற்குச் சென்றிருக்க வேண்டும் என்று காட்டினர். இவ்வகையில் காத்திருக்க இடமில்லை. லிம்ஃபாய்டு வகைக்கான இன்டர்ஃபேன்ட்-99 சிகிச்சைத் திட்டத்தில்கூட, நான்காண்டு நோயின்றி வாழ்ந்தோர் பாதிக்கும் குறைவு. பிளினாட்டுமோமாப் என்ற மருந்தைச் சேர்த்தபின் இந்த நிலை மாறத் தொடங்கியது. 2023இல் வெளியான ஆய்வில் 30 குழந்தைகளிடம் ஈராண்டு நோயற்ற வாழ்வு 81.6 விழுக்காடாக இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த இன்டர்ஃபேன்ட்-06 திட்டத்தில் அது 49.4. ஆனால் பிளினாட்டுமோமாப் லிம்ஃபாய்டு செல்லின் சிடி19ஐக் குறிவைக்கும் மருந்து, மோனோசைட் வகைக்குப் பயன்படாது.

8ஆம் 16ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, கேட்6ஏ, கிரெப்பிபி மரபணுக்கள் இணையும் வகைதான் என் வாதத்தின் மையம். பெரியவர்களிடம் இது கொடிய நோய். பிறந்த சில நாட்களில் தோல் முடிச்சுகளோடு வரும் குழந்தைகளிடம் நிலைமை வேறு. 2013இல் 62 குழந்தைகளின் தரவைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வு, முதல் மாதத்திலேயே நோய் கண்டறியப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையின்றியே நோய் அடங்கியதையும், அவர்களில் சிலருக்கு அது திரும்பவே இல்லை என்பதையும் காட்டியது. சிலருக்குத் திரும்பி வந்தது. இதைச் சுட்டிக்காட்டி எல்லோருக்கும் உடனே மருந்து தருவோம் என்பார்கள். எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பிறந்த சில வாரக் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் திறனில் முதிராதவை. தொற்றால் இழக்கும் உயிர்கள் இந்த வயதில் குறைவல்ல. தானாக அடங்கக்கூடிய நோய்க்கு அந்த ஆபத்தை முன்கூட்டியே ஏன் சுமத்த வேண்டும்? நோய் திரும்பும்போது குழந்தை சற்று வளர்ந்திருக்கும், மருந்தைத் தாங்கும்.

டவுன் நோய்க்குறியில் இந்தத் தருக்கம் ஏற்கெனவே நடைமுறையாகிவிட்டது. ஜிஏடிஏ1 மரபணு மாற்றத்தால் வரும் தற்காலிக மைலாய்டு பெருக்கம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அடங்கும். தோலில் வரும்போது முடிச்சுகளைவிட முகத்தில் நீர்க்கொப்புளங்களும் சீழ்க்கொப்புளங்களுமே அதிகம். கல்லீரல் செயலிழந்தாலோ வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகினாலோ குறைந்த அளவு சைட்டராபின் தருவார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நான்கு வயதுக்குள் உண்மையான லுக்கேமியா வருகிறது என்று தெரிந்தும் மற்ற நால்வருக்கும் மருந்து தருவதில்லை. குழந்தையின் தோற்றத்தில் டவுன் அறிகுறி ஏதும் இல்லாமல், முதிராச் செல்களில் மட்டும் 21ஆம் குரோமோசோம் மும்மடியாக இருப்பதும் உண்டு.

நம் சூழலில் மரபணு முடிவு வரத் தாமதமாகும் என்பது வலுவான மறுப்பு. தாமதத்தின் ஒரு பங்கு நாமே உண்டாக்குவது. தோலில் மட்டும் நோயிருந்து இரத்தமும் மஜ்ஜையும் தெளிவாக இருக்கும் குழந்தைக்கு, தோல் துண்டுதான் ஒரே சான்று. அதை முழுவதும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் குரோமோசோம் வளர்ப்புக்கு உயிருள்ள செல் மிஞ்சாது; ஒரு பகுதியைப் புதிதாகவே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சிவந்த கட்டிகளைப் பார்த்து வேறு நோய் என்று கருதி ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் மோசம். லிம்ஃபாய்டு செல்கள் சில நாட்களில் சுருங்கி, நோயறிதலே மறைந்துபோகும்.

காத்திருப்பது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பதல்ல. முதல் மாதங்களில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை, முடிச்சுகளின் அளவும் படமும், கல்லீரலும் மண்ணீரலும் வளர்கின்றனவா என்ற கவனிப்பு ஆகியவை வேண்டும். மூச்சுத் திணறலோ இரத்தக்கசிவோ வந்தாலோ, முதிராச் செல்கள் ஏறத் தொடங்கினாலோ, எந்தக் கட்டத்தில் மருந்து தொடங்குவது என்பதைப் பெற்றோருடன் முதல் நாளிலேயே பேசி எழுதி வைக்க வேண்டும். நோய் அடங்கிய பிறகும் கண்காணிப்பு ஆண்டுக்கணக்கில் நீள்வதால், அதற்கான பயணச் செலவும் கூலியிழப்பும் சிகிச்சைச் செலவின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.