சிற்றூர்ப் பிள்ளையும் விசேட கல்வி ஆசிரியரும்

உடலாலோ உளத்தாலோ கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கு அவரவர் நிலைக்கேற்ப அளிக்கப்படுவது விசேட கல்வி. அதனைப் புகட்டும் ஆசிரியர் உளநூல் கற்றிருத்தல் வேண்டுமென்பதை யாவரும் ஒப்புவர். ஆயின், பிள்ளையின் இல்லத்து மொழியையும் வழக்கத்தையும் அறியாத ஆசிரியர் குறையில்லாவிடத்துக் குறை காணவுங் கூடும். ஐக்கிய அமெரிக்கா இவ்வுண்மையை உணர்ந்த வரலாறு, ஆசிரியத் தொழில் பூண்டார் அனைவரும் அறியற்பாலது.

கலிபோர்ணியா மாநிலத்தின் மொன்ரறே மாவட்டம் விளைநிலங்கள் மலிந்தது. அங்குள்ள காய்கறித் தோட்டங்களில் உழைத்தோருட் பலர் மெச்சிக்கோ வழிவந்தோர். இல்லத்தில் ஸ்பானிய மொழி பேசுவோர். இவர்தம் பிள்ளைகளுக்கு நுண்மதிச் சோதனை ஆங்கிலத்திலேயே நடத்தப்பட்டது. குறைந்த புள்ளி பெற்றோர் உளவளங் குன்றியோர்க்கான வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். 1970 ஆம் ஆண்டிலே, 8 முதல் 13 வரை வயதுடைய ஒன்பது பிள்ளைகளின் சார்பில் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்கொன்று தொடுக்கப்பட்டது. டயானா வழக்கு எனப்படுவது இதுவே. இருமொழி வல்ல உளநூலார் ஒருவர் அப்பிள்ளைகளை ஸ்பானிய மொழியில் மீளச் சோதித்தபோது, அவர்தம் நுண்மதி ஈவு சராசரி 15 புள்ளிகள் உயர்ந்தது. எழுவர் 70 என்னும் எல்லையைக் கடந்தனர். வினவிய மொழி மாறவே, சூட்டிய பெயரும் பொய்யாயிற்று. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. இல்லமொழியிலும் சோதித்தல் வேண்டும், முன்னர் அவ்வகுப்பிற் சேர்க்கப்பட்டோரை மீளச் சோதித்தல் வேண்டும் என்பன அவ்வுடன்பாட்டின் கூறுகள்.

1975 இல் நாடு முழுவதற்கும் இயற்றப்பட்ட 94-142 ஆம் இலக்கச் சட்டம், ஊனமுற்ற பிள்ளைகள் யாவர்க்கும் தக்க கல்வியை இலவசமாக அளிக்கப் பணித்தது. இனமோ பண்பாடோ காரணமாகச் சோதனை ஒருபாற் கோடலாகாது என்றும், பெற்றோர் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்றும் விதித்தது.

சட்டம் இயற்றுதல் எளிது. அதனை நடத்தும் ஆசிரியரை ஆக்குதல் அரிது. சிற்றூர்களில் இவ்வருமை இரட்டித்தது. பல்வகைக் குறையுடைய சிலர் நெடுந்தூரம் சிதறி வாழ, அவர் அனைவர்க்கும் ஓராசிரியரே பொறுப்பாவார். நகரிலிருந்து வருவோர் நெடுங்காலம் தங்குவதில்லை. இவ்விடர்களை ஆராய 1981 இல் அமெரிக்கக் கிராமிய விசேட கல்விப் பேரவை தோன்றிற்று. பயிற்சி பெறுவோர் சிற்றூரிலேயே தங்கிக் கற்பித்துப் பழகுதல், அவ்வூரிற் பிறந்து பாடசாலையில் உதவியாளராயிருப்போரையே ஆசிரியராக உயர்த்துதல் என்பன நல்ல வழிகளெனக் கொள்ளப்பட்டன.

இவற்றின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நவாகோ மக்களிடையே பெரியோரை உற்று நோக்காதிருத்தல் மரியாதை. அதனை அறியாத ஆசிரியர், தலைகவிழ்ந்து நிற்கும் பிள்ளையைக் கவனமற்றது என்றோ விளங்காதது என்றோ குறித்துவிடக்கூடும். அவ்வூர்ப் பிறந்த ஆசிரியருக்கு இது கற்பிக்க வேண்டாத பாடம்.

எனினும் மறுதலையான பிழையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மொழியையே காரணமாக்கின், உண்மையிற் குறையுடைய பிள்ளை உதவியின்றிப் பின்தங்கும். ஆதலின் வேற்றுமை எது, குறை எது எனப் பிரித்தறியும் ஆற்றலே இப்பயிற்சியின் உயிர்நிலை எனலாம். அவ்வாற்றல் சோதனைத்தாளால் மட்டும் வருவதன்று. பிள்ளையின் வீட்டு வாயிலை மிதித்த ஆசிரியருக்கே அது கைகூடும்.